பட்டி பெருக, பால்பானை பொங்க: உடுமலைப் பக்கம் ஐந்து நாள்

12 ஜனவரி 2025, இரவு, கிளாம்பாக்கம்

ஒன்பதரைக்கு வர வேண்டிய பஸ் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. அதுவரை ஐந்து கிலோ பச்சரிசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் துணிப்பை கொண்டுபோவார்கள், ஸ்வீட் பெட்டி கொண்டுபோவார்கள். அரிசி சுமந்து போனவள் இந்தப் பஸ் நிலையத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அப்பா மயிலாடுதுறையிலிருந்து பார்சலில் அனுப்பியது. முன்பட்டத்தில் அறுத்த நெல்லைக் குத்திய புது அரிசி. "ஒருத்தர் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போற, வெறுங்கையோடயா போவ? அந்தப் பக்கம் நெல்லு கிடையாது" என்றார்.

அந்தப் பக்கம் என்றால் உடுமலைப்பேட்டை. கூட வேலை பார்க்கும் தோழியின் ஊர் அங்கே பெதப்பம்பட்டிக்குப் பக்கம். இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பொங்கல் என்று சொல்ல மாட்டாள், "நோம்பி" என்பாள். எங்கள் ஊரில் தை என்றால் களத்துமேடு, நெல் மூட்டை, வைக்கோல் தூசியில் தும்மல். நெல் இல்லாத ஊரில் எதை அறுத்துவிட்டுப் பொங்கல் வைப்பார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அதைக் கேட்டபோதெல்லாம் "வந்து பாரு" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

13 ஜனவரி, போகி

ஒட்டன்சத்திரத்தில் கண் விழித்தேன். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பழனி ரோட்டோரமாகப் பச்சை வேட்டிக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது, அதற்குள் நடை தொடங்கிவிட்டது. பழனி தாண்டியதும் இடது பக்கம் முழுக்க மேற்கு மலை கூடவே வருகிறது. வலது பக்கம் தென்னை, மக்காச்சோளம் அறுத்த கட்டைக்காடு, நடுநடுவே காற்றாலை.

வீடு ஊருக்குள் இல்லை, தோட்டத்திலேயே இருக்கிறது. தோழியின் அப்பாவைப் பெற்றவரை நான் "தாத்தா" என்று கூப்பிட, அவள் தொடையில் கிள்ளினாள். "அப்பாருன்னு கூப்பிடு." அப்பாருக்கு எண்பதைத் தாண்டிய வயசு. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அம்மிணி, பல்லு வெளக்கிப்போட்டு வா, காப்பு கட்டப் போலாம்" என்றார். விருந்து உபசாரம் அவ்வளவுதான். எனக்குப் பிடித்துப் போயிற்று.

சென்னையில் இந்நேரம் பாய், டயர், புகை என்று இருக்கும். இங்கே வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில், ஒரு கிழிந்த பாயும் ரெண்டு சீமாறும் எரிந்ததோடு போகி முடிந்தது. மற்றபடி நாள் முழுக்கக் காப்புக் கட்டுத்தான். மூன்று சாமான்: வேப்பங்கொத்து, ஆவாரம்பூ, பூளைப்பூ. உடுமலைச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், ஆனால் அப்பாருக்குக் காசு கொடுத்துப் பூளை வாங்குவது கௌரவக் குறைச்சல். வேலியோரம் குனிந்து குனிந்து நாங்களே பறித்தோம். பூளை பார்க்க ஒன்றும் இல்லை. நரைத்த முடியைச் சுருட்டி வைத்த மாதிரி கொத்துக் கொத்தாக வெள்ளை. பக்கத்தில் ஆவாரையின் மஞ்சளும் வேம்பின் பச்சையும் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு அழகு வருகிறது.

மூன்றையும் சேர்த்து வாழைநாரில் கட்டி, முதலில் வீட்டு எரவாணத்தில் செருகினார். பிறகு கட்டுத்தரை. மாடு கட்டும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். அப்புறம் மோட்டார் ரூம், கிணற்று மேடு, ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு மூலை, கடைசியில் டிராக்டர் ஸ்டியரிங். எங்கள் பக்கமும் வாசலில் செருகுவது உண்டு. வயலுக்குக் காப்பு கட்டி நான் பார்த்ததில்லை.

பூளை கல்லடைப்புக்கு, ஆவாரை சர்க்கரைக்கு என்று சித்த வைத்தியத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியையும் சேர்த்து, இதிலெல்லாம் விஞ்ஞானம் இருக்கிறது என்று பொங்கலுக்குப் பொங்கல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. எனக்கென்னவோ மார்கழிக் கடைசியில் இந்தக் காய்ந்த காட்டில் கேட்பாரில்லாமல் எது பூத்துக் கிடக்கிறதோ அதைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்பாரிடம் கேட்டேன். "தை பொறக்குதல்ல, வேண்டாதது உள்ள வரக் கூடாது" என்றார். மேற்கொண்டு பேச்சில்லை.

சாயங்காலம் பி.ஏ.பி. கிளை வாய்க்கால் வரை நடந்தோம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத் தண்ணீர் இங்கே நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து வருகிறது. ஒரு மண்டலம் முடிந்து இன்னொன்று என்று சுற்றி வருவதால், ஒரே காட்டுக்குத் திரும்பத் தண்ணீர் வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிவிடும். இவர்கள் வாய்க்காலில் இப்போது ஆட்டுப் புழுக்கைதான் கிடக்கிறது. அமராவதிப் பாசனத்தில் கொழுமம், குமரலிங்கம் பக்கம் நெல் உண்டாம். இங்கே மக்காச்சோளம், தக்காளி, தென்னை. வீட்டுச் சாப்பாட்டு அரிசி மளிகைக் கடையிலிருந்து வருகிறது. பொங்கல் அரிசி ரேஷன் கடையிலிருந்து: ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. இந்த வருஷம் ரொக்கம் இல்லை என்பதில் தோழியின் அம்மாவுக்கு வருத்தம்.

அரிசிப் பையை ஆத்தாவிடம், அதாவது தோழியின் பாட்டியிடம், கொடுத்தேன். கை விட்டு அள்ளிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

14 ஜனவரி, தைப் பொங்கல்

ஏழரை மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்.

வாசலில் கோலம், மூன்று கல் கூட்டி அடுப்பு, புதுப் பானை, கழுத்தில் மஞ்சள் கொத்து, பக்கத்தில் கரும்பு. அரிசி களைந்த தண்ணீரோடு பால் சேர்த்து உலை வைத்து, அது பொங்கி வழிந்ததும் "பொங்கலோ பொங்கல்". கிழக்கே வழிந்தது, நல்லதுதான். ஆனால் பானை ஆழாக்கு அரிசிப் பானை! சூரியனுக்கு ஒரு இலை, சூடம், தேங்காய், ஆளுக்கு ஒரு கரண்டி. அதுவும் ரேஷன் அரிசி. என் அரிசி எங்கே போயிற்று என்று கேட்க வாய் வரை வந்தது. விருந்தாளி கேட்கலாமா என்று அடக்கிக்கொண்டேன்.

திண்ணையில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது அப்பாரு ஒரு கேள்வி கேட்டார். போன வருஷம் தை ஒன்று ஜனவரி 15, இந்த வருஷம் 14, இது ஏன் நிலையாக நிற்க மாட்டேன் என்கிறது? சூரியன் மகர ராசிக்குள் போகும் நேரத்தை வைத்து மாசம் பிறக்கிறது, அந்த நேரம் வருஷத்துக்கு ஆறு மணி போலப் பிந்தி, லீப் வருஷத்தில் ஒரு நாள் கூடியதும் திரும்ப முன்னால் வந்துவிடுவதால் 14, 15 என்று மாறுகிறது, அது போக நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கும் வருஷம் இங்கிலீஷ் வருஷத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் என்கிற கணக்கில் தள்ளிப்போகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று, அது 1863 ஜனவரி 12. "அப்ப இன்னும் கொஞ்ச நாள் போனா பொங்கலு மாசிப் பனிக்குப் போயிருமா?" என்றார். அதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன். "அப்பச் சரி" என்று கரும்பைத் தொடர்ந்தார்.

மத்தியானம் உடுமலை. அங்கே போன பிறகுதான் ஊருக்கே நாளைக்குத்தான் பொங்கல் என்று புரிந்தது. பூக்கடையில் கூட்டமில்லை, கயிற்றுக் கடையில் நெரிசல். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்துக்கயிறு என்று விதவிதமாகத் தொங்குகிறது. சலங்கை, கொம்புக் குப்பி, சங்கு கோத்த கறுப்புக் கயிறு. புடவை எடுக்கிற மாதிரி தோழியின் அம்மா ஒவ்வொரு கயிறாக உருவிப் பார்த்து, முறுக்கைப் பிரித்துப் பார்த்து, வேண்டாம் என்று போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். மூன்று மாட்டுக்கும் ஒரு கன்றுக்கும் கயிறு எடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு வளையல் எடுக்க ஐந்து நிமிஷம்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

இப்போது இரவு பதினொன்று. கையெல்லாம் சாணி வாசம், சோப்புப் போட்டும் போகவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கட்டுத்தரையில் இருப்பது இரண்டு ஜெர்சிக் கலப்பு, ஒரு காங்கேயம் மயிலை (சாம்பல் நிறப் பசு), அதன் கன்று. முதல் இரண்டும் பால் சொசைட்டிக்காக. மூன்றாவது அப்பாருக்காக. உழவு மாட்டை டிராக்டர் வந்த புதிதில் விற்றுவிட்டார்கள். அப்போது அப்பாரு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அதனால் இந்த மயிலையை யாரும் விற்கப் பேசுவதில்லை. கன்று நல்ல செவலை நிறம். இது எப்படி மயிலைக்குப் பிறந்தது என்று கேட்டு மாட்டிக்கொண்டேன். காங்கேயத்தில் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்குமாம், ஆறு மாசம் போல ஆனதும் நிறம் மாறிச் சாம்பல் பூசிக்கொள்ளுமாம். "உங்கூர்ல மாடே இல்லியா அம்மிணி?" என்றார் ஆத்தா. உண்டு ஆத்தா, நெட்டி மாலையெல்லாம் போடுவோம். ஆனால் எங்கள் வீட்டில் மாடு போய் இருபது வருஷம் ஆகிவிட்டது.

காலையில் கறந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றவில்லை. தூக்குப்போசியில் நிரப்பிக்கொண்டு சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குக் கிளம்பினோம். ஊர்க்காரர்களுக்கு "மாலகோயில்". ஆலம் உண்ட சிவனும் மாலும் சேர்ந்த பெயர் என்கிறார்கள். சாமிக்கு மாடுதான் எல்லாம். ரோட்டில் இரண்டு மைலுக்கு முன்பே வண்டி நகரவில்லை. இறங்கி நடந்தோம். நடப்பவர்கள் கையிலெல்லாம் பால்: எவர்சில்வர் தூக்கு, பித்தளைச் செம்பு, தண்ணீர் பாட்டில், ஒரு பையன் கையில் ஸ்கூல் வாட்டர் பாட்டில். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற திருப்பூர்க்காரர் பாக்கெட் பாலைப் பல்லால் கடித்துச் சொம்பில் ஊற்றினார். மாட்டையெல்லாம் விற்றுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறதாம். "வருசத்துக்கு ஒருக்கா பால் ஊத்தாம இருக்க முடியலீங்க" என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என் மடியில் வந்த ஐந்து கிலோ அரிசி ஞாபகம் வந்தது.

கோயில் வாசலில் உருவாரம் விற்கிறார்கள். மண்ணில் செய்து சுட்ட மாடு, கன்று. மாட்டுக்கு நோய் வந்தால், கன்று தங்காமல் போனால் நேர்ந்துகொண்டு, இன்றைக்கு வாங்கி வைக்கிறார்கள். வைத்துப் போன உருவாரங்கள் ஒரு பக்கம் மந்தையாகக் குவிந்திருந்தன. சிலதுக்குக் காது உடைந்திருந்தது. ஒன்றுக்கு யாரோ கண் மட்டும் மையால் எழுதியிருந்தார்கள்.

சலகெருதைப் பற்றித் தோழி சொன்னபோது நான் நம்பவில்லை. மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் காளைக்கன்றை மாலகோயிலுக்கு என்று விட்டுவிடுவார்கள். அதை ஏரில் பூட்டுவதில்லை. மார்கழி இரவுகளில் ஊர் முக்கில் உறுமி அடித்துப் பழக்குவார்கள். ஆள் கையில் இரண்டு நீளமான குச்சியோடு முன்னால் பின்நடையாக ஆட, எருது அவனைத் துரத்துவது போலத் தாளத்துக்குக் கால் மாற்றி மாற்றி வருகிறது. துரத்துகிறதா ஆடுகிறதா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. குச்சிக்காரருக்கும் எருதுக்கும் மட்டும் தெரியும் போலிருக்கிறது. ஒரு இடத்தில் உறுமி சட்டென்று நின்றது. எருதும் ஒரு முன்காலைத் தூக்கியபடியே நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஜல்லிக்கட்டைப் பற்றி நாம் இத்தனை பேசிவிட்டோம், இதைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லையே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொம்பு வேலை. நீலமா சிவப்பா என்று கட்சிப் பிரச்சனை கிளம்பி, ஒரு கொம்பு நீலம் ஒரு கொம்பு சிவப்பு என்று சமாதானம் ஆயிற்று. ஜெர்சிக்குக் கொம்பு குட்டையாக இருப்பதால் பெயிண்ட் காதில் பட்டு, அது தலையை உதறி, என் சுடிதார் முழுக்கச் சிவப்புப் புள்ளி.

பொழுது சாய்ந்ததும் பட்டிப் பொங்கல், அதாவது மாட்டு மந்தைக்கான பொங்கல். கட்டுத்தரை வாசலைச் சாணி போட்டு மெழுகி, சாணியாலேயே ஒரு முழத்துக்குச் சதுரமாக வரப்புக் கட்டினார்கள். அதற்குள் தண்ணீர் விட்டால் தெப்பக்குளம். வரப்பு மேல் ஆவாரம்பூவும் பூளையும் செருகி, மூலைக்கு ஒரு கரும்புத் துண்டு. வரப்புக் கட்டும் வேலை எனக்கும் கொடுத்தார்கள். வண்டல் மண்ணில் வரப்பு வெட்டிய பரம்பரை என்று பெருமையாக ஆரம்பித்தேன், என் பக்கம் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது. அப்பாரு வந்து விரலால் ஒரு இழுப்பு இழுத்தார், நின்றுவிட்டது. பரணிலிருந்து மேழியையும் நுகத்தடியையும் இறக்கி, கழுவிப் பொட்டு வைத்துச் சாத்தினார். விற்ற மாட்டின் நுகத்தடி. இத்தனை வருஷம் யாரும் அதை விறகுக்குப் போடவில்லை. பக்கத்தில் டிராக்டருக்கும் பொட்டு.

பானையை இப்போதுதான் எடுத்தார்கள். மூன்று படி பிடிக்கும் வெண்கலப் பானை. ஆத்தா உள்ளேயிருந்து என் பையைக் கொண்டுவந்தார். "புது அரிசி பட்டிக்குத்தான்" என்றார், ஏதோ எல்லாருக்கும் தெரிந்த சட்டம் மாதிரி.

அப்புறம் நடந்ததற்கு நானும் பொறுப்பு. புது அரிசி தண்ணீர் கேட்காது. பழைய அரிசிக்கு வைக்கிற தண்ணீரை வைத்தால் குழைந்து கூழாகிவிடும். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வரப்பு கசிந்த வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. தோழியின் அம்மா கடை அரிசிக் கணக்குக்குத் தண்ணீர் ஊற்றினார். பானை பொங்கியது, நன்றாகவே பொங்கியது. அரிசி போட்டுக் கால் மணியில் கரண்டி நிற்கவில்லை. வெல்லம் போட்டதும் இன்னும் நெகிழ்ந்து பாயசத்துக்கும் பொங்கலுக்கும் நடுவில் போய் நின்றது. நான் தரையைப் பார்த்தேன். ஆத்தா கரண்டியைத் தூக்கி வழியவிட்டுப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் பல்லுக்கு நோவாது" என்றார்.

முதல் இலை மாட்டுக்கு. பொங்கலும் வாழைப்பழமும் பிசைந்து உருண்டையாக ஊட்ட வேண்டும். இது எங்கே உருண்டை ஆகிறது? உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்தோம். மயிலையின் நாக்கு உப்புக் காகிதம் மாதிரி. ஜெர்சி இரண்டும் இலையையும் சேர்த்துத் தின்றன. பிறகு அப்பாரு மாவிலைக் கொத்தைச் செம்புத் தண்ணீரில் முக்கித் தெளித்துக்கொண்டே மாடுகளைச் சுற்றி வந்தார், பேரன் பின்னாலேயே வட்டலைத் தட்டிக்கொண்டு.

"பட்டி பெருகோணும், பால்பானை பொங்கோணும், நோவும் பிணியும் தெருவோட போகோணும்..."

மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாரும் "பொங்கலோ பொங்கல்". எண்பது வயசுக் குரல் அந்த ஒரு கணம் தோட்டம் தாண்டிக் கேட்டிருக்கும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் அதே சத்தம் இருட்டில் வந்துகொண்டிருந்தது. எங்கே எத்தனை மாடு இருக்கிறது என்று அந்தச் சத்தத்தை வைத்தே அப்பாரு சொன்னார். "கெழக்கால இந்த வருசம் சத்தமில்ல. வித்துப்போட்டான்."

கடைசியாகத் தெப்பக்குளத்தை மாடு மிதித்துத் தாண்ட வேண்டும். முதலில் கன்று. அது விளிம்பு வரை வந்து, தண்ணீரை மோந்து, நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், பழம் காட்டினார்கள். ஆத்தா பொறுமையிழந்து மயிலையை அவிழ்த்து அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். தாயைப் பார்த்ததும் கன்று ஒரே துள்ளு. நடுக்குளத்தில் விழுந்து, வரப்பை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. சாணித் தண்ணீர் எல்லார் முகத்திலும். நான் கட்டிய பக்கத்தைத்தான் உடைத்தது.

16 ஜனவரி, பூப்பொங்கல்

காணும் பொங்கல் என்றால் எனக்கு மெரினாக் கூட்டம். இங்கே பெண்கள் பூப்பறிக்கப் போகும் நாள். ஆண்கள் திருமூர்த்தி மலைக்கு வண்டி கட்டிவிட்டார்கள், நாங்கள் போகவில்லை.

மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ செருகுவார்கள் அல்லவா, அந்தப் பிள்ளையாரை இங்கே தூக்கிப் போடுவதில்லை. தினமும் சாயங்காலம் எடுத்து வரட்டி மாதிரி தட்டி, காய வைத்துச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு வரட்டியின் நடுவிலும் பூ சருகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மார்கழியின் இருபத்தொன்பது நாளுக்கு ஒன்று குறைவதாகத் தோழியின் தங்கை கணக்குச் சொன்னாள். காய்ச்சல் வந்த அன்றைக்குப் பிடிக்கவில்லையாம்.

கூடையில் அந்தப் பிள்ளையார்கள், கட்டுச்சோறு, முறுக்கு, கரும்பு. காட்டு வழியில் ஆவாரம்பூ பறித்துக்கொண்டே பள்ளத்துக்குப் போனோம். மற்ற தோட்டத்துப் பெண்களும் சேர்ந்து முப்பது பேருக்கு மேல் இருப்போம். கூடைகளை நடுவில் இறக்கிச் சுற்றிக் கும்மி. எனக்கு அடி தெரியாது. பக்கத்திலிருந்த ஒரு அக்கா என் தோளைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். பாட்டுக்கு நடுவே இந்த வருஷம் கல்யாணமாகிப் போகப்போகும் பெண்ணின் பெயரைச் சேர்த்துக் கேலி செய்கிறார்கள். அந்தப் பெண் எம்.பி.ஏ. படித்தவள், முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் அங்கே விடுவார்களாம். கிணற்றில் போட்டால் மோட்டார் அடைத்துக்கொள்ளும் என்று அப்பாரு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளத்தில் ஐப்பசி மழைத் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கியிருந்தது. அதில் ஒவ்வொன்றாக விட்டோம். காய்ந்த வரட்டி உடனே முழுகுவதில்லை. கொஞ்ச நேரம் மிதந்து, ஓரம் கரைந்து, பூச்சருகு மட்டும் தனியாகப் பிரிந்து மேலே நிற்கிறது. சுற்றிலும் ஆவாரம்பூ. திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை, சோறு அப்படி.

17 ஜனவரி, உடுமலை பஸ் ஸ்டாண்ட்

காலையில் ஆத்தா என் அரிசிப் பையைத் துவைத்துக் காயப்போட்டு, அதே பையில் சோளம் நிரப்பிக் கொடுத்தார். "வெறும் பையத் திருப்பக் கூடாது அம்மிணி." மறுபடியும் மடியில் தானியம். அப்பாரு கட்டுத்தரையை விட்டு வரவில்லை. கையை மட்டும் தூக்கினார். மயிலைக்குக் கொம்பு நீலம் சிவப்பு அப்படியே இருக்கிறது, சலங்கையைக் கழற்றிவிட்டார்கள்.

பஸ் இன்னும் வரவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். சலகெருது, தெப்பக்குளம், பாக்கெட் பால் எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் ம் ம் என்று கேட்டுவிட்டு, "அரிசி எப்படி இருந்துது?" என்றார்.

"குழைஞ்சிடுச்சுப்பா."

"தண்ணியக் குறைக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"மாடுதான் முதல்ல சாப்பிட்டுது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "என்ன மாடு?" என்றார்.